எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் எடை மீண்டும் ஏறும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவது) அல்லது இரைப்பைப் பைபாஸ் (சிறுபை ஒன்றை அமைத்துச் சிறுகுடலோடு இணைப்பது) செய்துகொண்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் கடந்தவர்களுக்கான வழிமுறை இது. மாதந்தோறும் இறங்கிவந்த எடை ஒரு கட்டத்தில் நின்று, பின்பு மெல்ல ஏறத் தொடங்கும்போது பெரும்பாலானோர் செய்யும் முதற்காரியம் இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது. இரண்டாவது, வெட்கத்தினால் கிளினிக்குக்குப் போவதை நிறுத்துவது. முன்னது புரதத்தைக் குறைத்துத் தசையைக் கரைக்கிறது. பின்னது காரணத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தை மூடிவிடுகிறது. எடை ஏறுவதற்கான காரணங்களுள் சில சமையலறையிலும், சில மருந்துப் பெட்டியிலும், மிகச் சில இரைப்பைக்குள்ளும் இருக்கின்றன. எடையோடு சேர்ந்து வேறு என்ன அறிகுறி தெரிகிறது என்று பார்த்தால் எங்கே தேடவேண்டும் என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஆகவே முதல் இரண்டு பகுதிகளையும் எல்லோரும் படித்துவிட்டு, அதன்பின் தமக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே செல்லலாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாதவை

விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்றுவலி, குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, குடல் உள்ளே சிக்கிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். அது பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடியது, ‘காஸ்’ என்று சொல்லிச் சோடா குடித்துக் கடத்தவேண்டிய வலி அல்ல. மலம் தார்போலக் கறுத்துப் போவதும், இரத்தவாந்தியும், நெஞ்சுவலியும், மயங்கி விழுவதும் அவ்வாறே. பல நாட்கள் தொடரும் வாந்தியோடு பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தோன்றினாலோ, அது தயமின் என்ற பி1 விட்டமின் வற்றிப்போனதால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பாக இருக்கலாம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் அந்நிலை மோசமடையக்கூடும் என்பதால், அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ள வைத்தியரிடம் முதல் வாக்கியமாகவே ‘எனக்கு எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது’ என்று சொல்லவேண்டும். இவற்றில் எது நேர்ந்தாலும் இலங்கையில் 1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸில் போய்விடுவது நல்லது.

உண்மையிலேயே ஏறியிருக்கிறதா?

ஒரே தராசில், காலையில், கழிவறைக்குப் போய்வந்தபின், சாப்பிடுமுன் எடுத்த எடையை மட்டும் ஒப்பிடுங்கள். வீட்டில் ஒன்றும் பார்மசி வாசலில் ஒன்றும் என்று பார்த்தால் வரும் வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. முதல்நாள் இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தாலும், மாதவிடாய் நெருங்கினாலும் ஓரிரு கிலோ நீர் தங்கும், அது கொழுப்பல்ல. வாரம் ஒருமுறை எடுத்து, நான்கு வாரங்களின் போக்கைப் பார்ப்பதே சரி.

அடுத்து, எவ்வளவு ஏற்றம் இயல்பானது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் ஆரம்ப எடையில் சராசரியாக 32 சதவீதத்தை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக நின்றது. 120 கிலோவில் தொடங்கிய ஒருவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 82 கிலோ வரை இறங்கிப் பின்பு 90 கிலோவில் நிலைகொள்வது சராசரிப் பாதை. ஒருகாலத்தில் எட்டிய 82ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு 87இல் நின்று அழுபவர்களைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

இதற்குக் காரணமும் எளிது. 120 கிலோ உடம்பைச் சுமந்து நடக்க வேண்டியிருந்த சக்தி 85 கிலோ உடம்புக்கு வேண்டியதில்லை. அதற்கு மேலாக, எடை குறைந்த உடம்பு ஓய்விலிருக்கும்போதும் சிக்கனமாகவே எரிக்கிறது. முதலாண்டில் எடையை இறக்கிய அதே சாப்பாடு மூன்றாம் ஆண்டில் எடையை நிறுத்திவைக்க மட்டுமே போதும். அதில் சிறிது கூடினாலும் ஏறும்.

என் அளவுகோல் இது: எட்டிய மிகக் குறைந்த எடையிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, மூன்று மாதங்களுக்குள் ஐந்து கிலோ ஏறினாலோ, அல்லது அடங்கியிருந்த நீரிழிவும் இரத்த அழுத்தமும் திரும்பி வந்தாலோ, கீழுள்ளவற்றைத் தேடத் தொடங்கவேண்டும்.

அறிகுறி: சாப்பாட்டின் அளவு கூடவில்லை, பசியும் இல்லை, எடை மட்டும் ஏறுகிறது

மிக அதிகமாகக் கேட்கும் முறைப்பாடு இதுவே. பெரும்பாலும் உண்மையான முறைப்பாடும்கூட. ‘சாப்பாடு’ என்று அவர்கள் சொல்வது தட்டில் போட்டு மேசையில் இருந்து உண்பதை. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். தட்டுக்கு வெளியே இருப்பவைதாம் கணக்கில் வருவதில்லை.

ஸ்லீவில் இரைப்பையின் ஏறத்தாழ எண்பது சதவீதம் வெட்டி அகற்றப்பட்டு ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. பைபாஸில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறுபை ஒன்று அமைக்கப்பட்டுச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. இரண்டுமே திடமான உணவைத்தான் தடுத்து நிறுத்தும். பால்டீயையும், வாயில் கரையும் பிஸ்கட்டையும், ஐஸ்கிரீமையும் தடுக்கும் வல்லமை எந்தச் சத்திரசிகிச்சைக்கும் இல்லை. அவை வடிகானில் மழைநீர் போலப் போய்க்கொண்டே இருக்கும்.

வெள்ளவத்தையில் வசித்துக் கோட்டையில் வேலைசெய்யும் ஒருவரின் குறிப்பேட்டுப் பக்கம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். விடிந்ததும் பால்டீ, இரண்டு மாரி பிஸ்கட். ஏழரைக்கு அரைத் தோசை, சம்பல். பத்து மணிக்கு அலுவலகப் பால்டீ. யாருக்கோ பிறந்தநாள், கேக் ஒரு சிறு துண்டு. பகல் ஒரு மணிக்குப் பார்சலைப் பிரித்து ஐந்து கரண்டி சோறு, பருப்பு, அரைத்துண்டு மீன். மீதியைக் கட்டி வைத்தாயிற்று. மூன்றரைக்குப் பால்டீ, பாதிப் பற்றிஸ். வீடு திரும்பும் வழியில் ஒரு சுருள் கச்சான். ஏழு மணிக்கு ஒரு குவளை நெஸ்டமோல்ட். எட்டரைக்கு ஒரு இடியப்பம், சொதி. நாடகம் பார்க்கும்போது மீண்டும் இரண்டு பிஸ்கட்.

மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தால் ஒரு குழந்தையின் அளவுதான். ஆனால் இரண்டு தேக்கரண்டி சீனியும் ஒரு மேசைக்கரண்டி பால்மாவும் போட்ட பால்டீ ஒன்று ஏறத்தாழ 80 முதல் 90 கிலோகலோரி தரும். நெஸ்டமோல்ட்டையும் சேர்த்து நான்கு குவளையானால் 350ஐ எட்டும். பிஸ்கட், கேக், பற்றிஸ், கச்சான் ஆகியவற்றையும் கூட்டினால், நாளின் சக்தியில் பாதிக்கு மேல் தட்டுக்கு வெளியிலிருந்து வந்துவிடுகிறது. அதே பக்கத்தில் புரதம் 40 கிராமைத் தாண்டுவதும் கடினம். வேண்டியதோ குறைந்தது 60, பொதுவாக 60 முதல் 80 கிராம் வரை.

திருத்தும் முறையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதல் வாரத்தில் எதையும் மாற்றாமல், வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். சமைக்கும்போது உப்புப் பார்த்ததும், பிள்ளையின் தட்டில் மிஞ்சியதை வீணாக்காமல் உண்டதும் உட்பட. இரண்டாம் வாரத்தில் பானங்களை மட்டும் மாற்றுங்கள்: பால்டீ நாளுக்கு ஒன்று, சீனியில்லாமல் அல்லது படிப்படியாகக் குறைத்து, மற்றவை சீனியற்ற பிளேன்டீயும் தண்ணீரும். இலங்கையில் விற்கும் குளிர்பானங்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் இருக்கின்றன. சிவப்பையும் செம்மஞ்சளையும் வைத்துவிடுங்கள். செவ்விளநீர் நல்லதுதானே என்பார்கள். வெயிலுக்கு நல்லது, ஆனால் அதிலும் சீனி உண்டு. நாள்தோறும் குடிக்கும் பானமாக்க வேண்டாம். பழச்சாறு எவ்வளவு புதிதாகப் பிழிந்ததானாலும் இதே வரிசையில்தான் வரும்.

மூன்றாம் வாரத்தில் வேளைகளை வரையறுங்கள்: மூன்று சாப்பாடு, வேண்டுமானால் திட்டமிட்ட ஒரு சிற்றுணவு. அந்தச் சிற்றுணவு அவித்த முட்டையாகவோ, ஒரு கையளவு அவித்த கடலையாகவோ, சீனி சேர்க்காத தயிராகவோ இருக்கட்டும். எந்தச் சாப்பாட்டிலும் மீன், முட்டை, இறைச்சி, பருப்பு முதலில், மரக்கறி அடுத்து, மிஞ்சிய இடத்துக்குச் சோறு. கொழும்பின் பகற்சாப்பாட்டுப் பார்சல் இதற்கு நேர்மாறாகவே கட்டப்படுகிறது: சோறு மலையாக, மீன் ஒற்றைத் துண்டாக. எனவே பிரித்தவுடன், ஒரு கவளம்கூட உண்ணுமுன், சோற்றில் முக்கால் பங்கை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு முட்டையையோ இன்னொரு துண்டு மீனையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காகச் சில அளவுகள்: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், சமைத்த சூரை மீன் அல்லது தோல் நீக்கிய கோழி 100 கிராமில் 25க்கு மேல், அவித்த பருப்போ கடலையோ 100 கிராமில் 8, 9 கிராம். சைவ உணவுக்காரருக்கு 60 கிராம் சேர்ப்பது சிரமமே; சோயாமீட், பயறு, கௌபி, தயிர் ஆகியவற்றை நாள்தோறும் சுழற்றவேண்டியிருக்கும், பலருக்குப் புரதமாவும் தேவைப்படும். இடியப்பமும் சொதியும் மட்டும் உண்ட இரவைச் ‘சாப்பாடு குறைத்த இரவு’ என்று எண்ணவேண்டாம். அது புரதம் குறைந்த இரவு, அவ்வளவே.

அறிகுறி: முன்பைவிட நிறையச் சாப்பிட முடிகிறது

இரைப்பை விரிந்துவிட்டது என்பதே எல்லோருடைய முதல் அச்சம். காலப்போக்கில் ஓரளவு விரிவது இயல்பு. ஆனால் அதற்குமுன் பார்க்கவேண்டியது, சாப்பிடும்போதே தண்ணீர் குடிக்கிறீர்களா என்பதை. நீரோ ரசமோ சொதியோ சேர்ந்தால் உணவு கூழாகி விரைவில் இறங்கிவிடும், இடம் காலியாகும், இன்னும் ஒரு கரண்டி போகும். நம் சமையலில் குழைத்துப் பிசைந்து உண்ணும் பழக்கமே இதைச் செய்துவிடுகிறது. சாப்பாட்டோடு குடிப்பதை நிறுத்தி, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்தே குடியுங்கள். நாளில் ஏறத்தாழ ஒன்றரை லீற்றரை இடைவேளைகளில் பிரித்து முடிக்கலாம்.

அதன்பின் ஒரு சிறு சோதனை: குழம்பில்லாமல் பொரிக்காத மீனையோ கோழியையோ, நன்றாக மென்று, இருபது நிமிடங்களில் மெதுவாக உண்ணுங்கள். சிறிய அளவிலேயே வயிறு நிறைந்தால் தடுப்பு இன்னும் வேலைசெய்கிறது. மாறவேண்டியது உணவின் தன்மை. திடமான மீனும் தாராளமாக இறங்கி, சில வாரங்கள் இப்படி ஒழுங்காக உண்டும் நிறைவே வராவிட்டால், சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் செய்து காணுங்கள். பேரியம் விழுங்கி எடுக்கும் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் ஸ்லீவ் விரிந்திருக்கிறதா, பைபாஸின் இணைப்பு வாய் அகன்றிருக்கிறதா, ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பைக்கும் சிறுபைக்கும் இடையில் வழி ஏதும் திறந்திருக்கிறதா என்பவற்றைக் காட்டும். இந்த வழி திறப்பது அரிது. திறந்தால் எடையேற்றத்தோடு புண்ணும் வலியும் சேர்ந்து வரலாம்.

அறிகுறி: மீனும் இறைச்சியும் இறங்க மறுக்கின்றன, பாணும் பிஸ்கட்டும் சுலபமாக இறங்குகின்றன

இது மேலுள்ளதன் மறுபக்கம், ஆனால் ஆபத்து கூடியது. ஏனெனில் இந்த ஆள் பார்வைக்குக் குறைவாக உண்பவராகவே தெரிவார். திட உணவு நெஞ்சில் சிக்கும் வேதனையைத் தவிர்ப்பதற்காக மென்மையானவற்றுக்கு மாறி, நாளடைவில் கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் உயிர்வாழத் தொடங்குவார். விரைந்து விழுங்குவதும், பல் இல்லாமையும், சரியாகப் பொருந்தாத கட்டுப்பல்லும் முதலில் பார்க்கவேண்டியவை. பல் வைத்தியரிடம் தீரவேண்டிய பிரச்சினைக்கு எண்டோஸ்கோப்பி தேடிப்போவது வீண். மென்று உண்டும் சிக்கினால், அல்லது நாளுக்கு நாள் மோசமாகி நீரும் இறங்கத் தயங்கினால், இணைப்போ குழாயோ ஒடுங்கியிருக்கலாம். அதை எண்டோஸ்கோப்பி மூலம் விரிக்கமுடியும். அதுவரை மீனை அவித்து உதிர்த்தும், கோழியைக் கொத்தித் தயிரில் ஊறவைத்துச் சமைத்தும், முட்டையை மெல்லப் பொரியலாக்கியும் உண்ணலாம்.

அறிகுறி: உண்டு இரண்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தாங்கமுடியாத பசி

சீனியோ வெள்ளை மாவோ மிகுந்த உணவு குடலுக்குள் சட்டென்று விழும்போது இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் இரத்தச் சீனி கீழே விழுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கூடுதலாகவும், பெரும்பாலும் ஓராண்டு கடந்தபின்னும் இது வருகிறது. (உண்டு அரைமணி நேரத்துக்குள் வரும் படபடப்பும் வயிற்றோட்டமும் இதன் முற்பட்ட வடிவம், அது பெரும்பாலும் எடையை ஏற்றுவதில்லை, இனிப்பைத் தவிர்க்கவே கற்பிக்கிறது.) எடையேற்றம் நடப்பது சிகிச்சை என்ற பெயரில்: நடுக்கம் வந்ததும் ஒரு பால்டீயும் இரண்டு பிஸ்கட்டும், ஆறுதல் வந்ததும் இன்னும் இரண்டு, இரண்டு மணி நேரத்தில் மறுபடி நடுக்கம்.

வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் அறிகுறி வரும் கணத்தில் பாருங்கள். டெசிலீற்றருக்கு 54 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். அந்நேரத்தில் சிறிதளவு குளுக்கோஸ் எடுத்து, நிலை தேறியதும் முட்டை, கடலை போன்ற புரதத்தை உண்ணவேண்டும், இனிப்பிலேயே நிறுத்தக்கூடாது. தடுக்கும் வழி, பாணையும் இடியப்பத்தையும் தனியாக உண்ணாமல் இருப்பது. கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்பவர்களுக்கு இதே அறிகுறி மருந்தினாலும் வரும். அளவை வைத்தியர் உடனே திருத்தவேண்டும். மயக்கமோ குழப்பமோ வந்திருந்தால் அது தீரும்வரை வாகனம் ஓட்டவேண்டாம்.

அறிகுறி: நெஞ்செரிவு, ஏதாவது கொறித்தால் ஆறுகிறது

ஸ்லீவ் செய்தவர்களிடம் இது அதிகம். அமிலத்தை அடக்கப் பாலும் பிஸ்கட்டும் நாள் முழுவதும் போய்க்கொண்டிருந்தால் எடை ஏறுவதில் வியப்பில்லை. ஒமேபிரசோல் வாங்கி மாதக்கணக்கில் தாமாகவே விழுங்காமல், எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள். மருந்துக்கு அடங்காத எரிவுக்கு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது அறியப்பட்ட தீர்வு. பைபாஸ் செய்தவருக்கு எரிவும் வலியும் வந்தால் இணைப்பில் புண் இருக்கலாம். மூட்டுவலிக்கு எடுக்கும் டைக்ளோபெனக், இபுபுரூபன் ஆகியவையும் சிகரெட்டும் அந்தப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள்.

அறிகுறி: களைப்பு, மூச்சிரைப்பு, நடக்கவே முடியவில்லை

எடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரும்புச்சத்து வற்றியவர் மாடிப்படி ஏறமாட்டார், நடையை விடுவார், களைப்பைப் போக்கச் சீனி தேடுவார். இரண்டாம் ஆண்டோடு விட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிடுவது கொழும்பில் சர்வசாதாரணம், மாத்திரை விலையும் அதற்கொரு காரணம். ஆனால் இவை வாழ்நாள் முழுவதற்கும் உரியவை: பல்விட்டமின், பி12, இரும்பு, கல்சியம், விட்டமின் டி. வாய்வழி பி12 போதாதவர்களுக்கு மாதாந்த ஊசி உண்டு. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்குவது அதைவிட மோசம். தேநீரின் தனின் இரும்பைக் கட்டிவைத்துவிடும். ஆண்டுக்கொருமுறையேனும் ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு), பி12, விட்டமின் டி, கல்சியம் ஆகியவற்றைப் பாருங்கள். மாதவிடாய் கூடுதலாக உள்ள பெண்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவேண்டாம்.

முடி உதிர்வு மட்டும் தனித்து, முதல் ஆறு மாதங்களுக்குள் வந்தால் பெரும்பாலும் தானாகவே நிற்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வந்தால் புரதத்தையும் இரும்பையும் சந்தேகியுங்கள்.

அறிகுறி: சாப்பாட்டில் எதுவும் மாறவில்லை, குறிப்பேடும் அதையே சொல்கிறது

அப்படியானால் சமையலறையை விட்டு மருந்துப் பெட்டிக்கு வாருங்கள். பிரெட்னிசொலோன், இன்சுலின், கிளிக்லசைட், அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், ஓலன்சபின், சோடியம் வல்புரோயேற், மூன்று மாதத்துக்கொருமுறை போடும் கருத்தடை ஊசி ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. எதையும் தாமாக நிறுத்தக்கூடாது. எழுதிக்கொடுத்த வைத்தியரிடம் மாற்று இருக்கிறதா என்று கேட்பதே வழி. மூட்டுவலிக்கும் பீனிசத்துக்கும் உறையில் பெயரில்லாமல் கிடைக்கும் மாத்திரைகள் அற்புதமாக வேலைசெய்தால் அவற்றில் ஸ்டீரொயிட் இருக்கிறதா என்று ஐயுறுங்கள். தைரொயிட்டுக்கான டீஎஸ்எச் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். குறட்டையும் பகல்தூக்கமும் திரும்பி வந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை மீண்டிருக்கலாம். தூக்கம் கெட்ட உடம்பு மறுநாள் பசியோடுதான் எழும்பும்.

கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை பொறுத்திருக்கவேண்டும். கர்ப்பகாலக் கிளினிக்கில் குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனை பைபாஸ் செய்தவருக்குக் கடும் மயக்கத்தைத் தரக்கூடும் என்பதால், மருத்துவமாதுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: தனியாக வீட்டில் இருந்தால் கட்டுப்பாடு, ஊரோடு சேர்ந்தால் இல்லை

நம்மிடையே அன்பு தட்டில்தான் பரிமாறப்படுகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போனால் ரோல்ஸும் கட்லட்டும் மிக்சரும் நிரம்பிய தட்டு வந்துவிடும்.

‘ஒண்டு எடுங்கோ பிள்ளை, வீட்டில செய்தது.’

‘வேண்டாம் மாமி, இப்பதான் சாப்பிட்டனான்.’

‘இந்த வயிற்றுக்கு ஒரு ரோல்ஸ் கூடவா? மெலிஞ்சு போனீங்கள்!’

வாதாடி வெல்லமுடியாத இடம் இது. மறுப்பதைவிடக் கையில் ஏதாவது இருப்பது பயனுள்ளது: ‘சீனியில்லாமல் ஒரு பிளேன்டீ தாங்கோ மாமி’ என்று நீங்களே முதலில் கேட்டுவிட்டால், பரிமாறும் கடமை அவருக்கு நிறைவேறிவிடுகிறது. தைப்பொங்கலன்று இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கலால் யாருக்கும் எடை ஏறுவதில்லை. மிஞ்சிய பானை குளிர்பெட்டிக்குள் மூன்று நாள் இருப்பதால்தான் ஏறுகிறது. விரதகாலத்தில் பகல் முழுதும் பட்டினி கிடந்து மாலையில் ஒரேயடியாக உண்பது இந்த இரைப்பைக்கு ஒவ்வாது. கந்தசஷ்டி பிடிப்பவர்களும் நோன்பு பிடிக்கும் முஸ்லிம் சகோதரர்களும் நீரையும் புரதத்தையும் எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரவில் எழும்பி உண்பதும், ஒளித்து உண்பதும், உண்டபின் தன்னையே வெறுப்பதும் வேறு வகை. சத்திரசிகிச்சை இரைப்பையை மாற்றியது, துயரத்தை மாற்றவில்லை. அதற்கு உளவள ஆலோசகரோ மனநல வைத்தியரோ வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதுவைப் பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும்: சத்திரசிகிச்சைக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறும், பைபாஸ் செய்தவர்களிடம் குறிப்பாக இரண்டாம் ஆண்டிலிருந்து மதுப் பிரச்சினை கூடுவது ஆய்வுகளில் தெளிவாகக் காணப்பட்டது. முன்பு ஒருபோதும் பிரச்சினையாக இல்லாதவருக்கும் இது நேரலாம்.

அறிகுறி: நடக்கிறேன், ஆனால் எடை அசையவில்லை

நடை எடையை இறக்குவதற்கு வலுவற்ற கருவி. இறங்கியதைக் காப்பதற்கு நல்ல கருவி. வாரத்துக்கு 150 நிமிடங்களில் தொடங்கி 300ஐ நோக்கிப் போகவேண்டும். கொழும்பின் புழுக்கத்தில் காலை ஆறுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் வெள்ளவத்தை மரைன் டிரைவும், சுதந்திரச் சதுக்கமும், விகாரமகாதேவிப் பூங்காவும் உகந்தவை. காலிமுகத்திடலில் நடப்பவர்கள் இறால் வடை வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாக நடக்கலாம். ஆனால் நடை மட்டும் போதாது. எடையோடு தசையும் கரைந்திருக்கிறது. அதை மீட்க வாரத்தில் இரண்டு நாள் சுமை தூக்கும் பயிற்சி வேண்டும். ஜிம்முக்குப் போகமுடியாதவர்கள் கதிரையிலிருந்து கைதாங்காமல் எழுந்து அமர்வதிலிருந்து தொடங்கலாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஏறுகிறது

இந்தக் கட்டத்தில் மருந்தும் மறுசத்திரசிகிச்சையும் பேசப்படும். லிராகுளுடைட், செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகிய ஊசி மருந்துகள் பசியை அடக்குவதன்மூலம், சத்திரசிகிச்சைக்குப் பின் ஏறிய எடையையும் இறக்க உதவுகின்றன. நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு உண்டு, ஏற்கெனவே குறைவாக உண்பவருக்குப் புரதமும் விட்டமினும் இன்னும் வற்றும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, குளிர் காக்கப்படாமல் கைமாறும் பேனாக்களை வாங்கவேண்டாம். மறுசத்திரசிகிச்சைக்கு முதல் தடவையைவிட ஆபத்து கூடுதல்; உடலமைப்பில் திருத்தக்கூடிய பிழை தெரிந்தால் அதன் பயன் தெளிவு, தெரியாவிட்டால் மருந்தை முதலில் முயல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வைத்தியரைக் காணப் போகும்போது இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்: நீங்கள் எழுதிய ஒரு வாரக் குறிப்பேடு, நான்கு வாரங்களின் எடை, உண்ணும் எல்லா மாத்திரைகளின் உறைகள், கடைசிக் குருதிப் பரிசோதனை முடிவுகள், சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட். கடைசியாகச் சொன்னது தொலைந்திருந்தால் அந்த வைத்தியசாலையில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். ஸ்லீவா, பைபாஸா, பைபாஸானால் குடலில் எவ்வளவு நீளம் ஒதுக்கப்பட்டது என்பது தெரியாமல் அடுத்த முடிவை எந்த நிபுணராலும் ஒழுங்காக எடுக்கமுடியாது.